பிறந்தநாளில் எதைக் கொண்டாடுகிறோம்?

கடந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேத்திக்கு ஏழு வயது நிறைவுற்றது. காலைத் திருப்பலிக்குக் குடும்பமாகச் சென்று வந்தோம். பங்குத்தந்தை அவள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். வீடு திரும்பியதும் மருமகள் சமையலறைக்குள் புகுந்தாள். மகன் பலூன் ஊதத் தொடங்கினான். நான் வழக்கம்போல் யாருக்கும் பயன்படாத யோசனைகளை வழங்கிக்கொண்டிருந்தேன். மாலையில் மொட்டைமாடியில் விழா என்பது ஏற்பாடு. மூன்று மணிக்கு வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. மாடிக்கு ஏறிய நாற்காலிகள் எல்லாம் மீண்டும் கீழே இறங்கின. பத்துப் பேர் இருந்தாலே நெரிசலாகும் கூடத்தில் இருபத்து மூன்று குழந்தைகளும் அவர்களை அழைத்து வந்த பெரியவர்களும் எப்படியோ அடங்கினர்.

நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்துத் தரும் அம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை. அது பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அன்று மட்டும் வரும்படி என் மனைவி கேட்டுக்கொண்டதால் வந்திருந்தார். தனியே விட்டுவர இயலாமல் தம் மகளையும் கூட்டி வந்திருந்தார். என் பேத்தியின் வயதை ஒத்த சிறுமி அவள். யாரும் அவளை வா என்று அழைக்கவுமில்லை. போ என்று விரட்டவுமில்லை. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேக் வெட்டும் நேரம் வந்தது. மகன் கைபேசியை உயர்த்தினான். நான் அந்தச் சிறுமியைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, படத்துல விழுற” என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்வாங்கினாள். அத்துடன் அதை மறந்தும்விட்டேன்.

விருந்தினர் விடைபெற்றபோது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வண்ணப் பென்சில் பெட்டி கொடுக்கப்பட்டது. அழைத்தவர்களை எண்ணி இருபத்து நான்கு பெட்டிகள் வாங்கியிருந்தோம். மழையினால் ஒரு குழந்தை வரவில்லை. மிஞ்சிய பெட்டியை மருமகள் அந்தச் சிறுமியிடம் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளும் தரையில் அமர்ந்து அதைத் திறந்தார்கள்.

“உனக்கு எப்ப பர்த்டே?” என்று பேத்தி கேட்டாள்.

“முடிஞ்சிருச்சு. வியாழக்கிழமை.”

“எந்த வியாழக்கிழமை?”

“இந்த வாரந்தான். கலர் டிரஸ் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.”

“சும்மா இருடி” என்றார் அவள் தாய், கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து தலை நிமிராமலே. அந்த வியாழக்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்காக மின்விசிறிகளைத் துடைத்துத் தரச் சொல்லி இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்தி வைத்திருந்தோம். அவர் எத்தனை நாள் தாமதமாக வந்தார், எத்தனை நாள் வரவில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இது தெரியாது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் செய்தது பெருங்குற்றம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பிறந்தநாளில் நாம் எதைக் கொண்டாடுகிறோம்? இந்தக் கேள்விக்கு விடை தேடாமலேயே இத்தனை ஆண்டுகள் வாழ்த்துப் பாடி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எதையும் சாதிக்காதவருக்கு ஒரு விழா

நம் குடும்ப விழாக்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு செயலைச் சுற்றி எழுபவை. திருமணத்தில் இருவர் வாக்களிக்கின்றனர். புதுமனை புகும்போது ஒருவரின் உழைப்பு சுவராக நிற்கிறது. பணிநிறைவு விழாவில் முப்பது ஆண்டுக்காலப் பணி பாராட்டப்படுகிறது. பிறந்தநாளுக்கு இப்படிப்பட்ட காரணம் ஏதுமில்லை. பிறந்ததில் குழந்தையின் முயற்சி எதுவுமில்லை. வலியைத் தாங்கியவள் தாய். ஏழு வயதை எட்டியதற்கும் சோறூட்டியவர்களும் தடுப்பூசி போட்டவர்களுமே காரணம். ஆயினும் நாம் தாயை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மாலை சூட்டுகிறோம். ‘நீ இருக்கிறாய், நீ இருப்பது நல்லது’ என்பதைத் தவிர அங்கே சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

ஜெர்மானியக் கத்தோலிக்க மெய்யியலறிஞர் யோசேப் பீப்பர் (1904–1997) அன்பின் இயல்பை ஆராய்ந்தபோது இந்த இடத்திற்கே வந்து சேர்ந்தார். ஒருவர் இவ்வுலகில் இருப்பதை நல்லது என்று ஒப்பி மகிழ்வதே அன்பின் உட்கரு என்பது அவர் முடிவு. அவருடைய அறிவிலும் அழகிலும் நமக்குக் கிடைக்கும் பயனிலும் எழுகின்ற மகிழ்ச்சி அதற்குப் பின்னரே வருவது.

இந்த ஒப்புதல் எளிதானதன்று. தாம் பிறந்த நாளைச் சபித்த இருவரை விவிலியம் மறைக்காமல் நம் முன் நிறுத்துகிறது. யோபு தம் புண்களுக்கு நடுவே அமர்ந்து அந்த நாள் நாட்காட்டியிலிருந்தே அழிந்துபோகட்டும் என்கிறார். எரேமியா இறைவாக்கினர், தம் பிறப்பைத் தந்தைக்கு நற்செய்தியாக அறிவித்த மனிதரையும் சேர்த்தே சபிக்கிறார். நம் காலத்திலும் அந்தக் குரல் ஓயவில்லை. தம் ஒப்புதல் இன்றித் தம்மைப் பெற்றதற்காகப் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்கப்போவதாக மும்பை இளைஞர் ஒருவர் 2019இல் அறிவித்தது உலகெங்கும் செய்தியாயிற்று. பலர் சிரித்தனர். எனக்கு அது சிரிப்பதற்குரியதாகத் தோன்றவில்லை. கேட்டுப் பெறாத ஒன்றைக் கொடை என்று எப்படி ஏற்பது என்பது நேர்மையான கேள்விதான்.

அந்தக் கேள்விக்குத் தனக்குத்தானே எவரும் விடை கூறிக்கொள்ள முடியாது என்பதே என் எண்ணம். ‘நான் இருப்பது நல்லது’ என்று கண்ணாடியைப் பார்த்து எத்தனை முறை சொன்னாலும் மனம் நம்புவதில்லை. அதைப் பிறர் சொல்ல வேண்டும். சொல்லி, அதற்காகத் தம் நேரத்தில் சிறிது செலவிட வேண்டும். அப்போதுதான் ஒரு குழந்தை தன் வாழ்வைக் கொடையாக உணர்கிறது. ஆண்டுக்கொரு முறை அந்தச் சான்றை அளிப்பதற்கு மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்தான் பிறந்தநாள். கேக்கும் பலூனும் அந்தச் சான்றின் ஆடை அணிகள்.

அப்படியானால் ஒரு குழந்தையிடம் ‘நீ இருப்பது நல்லது’ என்று சொல்லப்படும் அதே நொடியில், மற்றொரு குழந்தையிடம் ‘நீ இங்கே இல்லாதிருந்தால் நல்லது’ என்று நான் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்து அந்தோணிகள்

எனக்கு இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ளது ஒன்று. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் எழுதியது மற்றொன்று. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடக்காதைத் தொடச் சொன்னார், தொட்டேன், ஐந்து வயது ஆகிவிட்டது என்று முடிவு செய்து, பள்ளிச் சேர்க்கைக்குத் தோதாக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். என் தலைமுறையில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதன் இரகசியம் இதுதான். அந்தத் தேதியில்தான் பின்னர் நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றேன்.

எந்தத் தேதியிலும் எனக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. அதனால் நான் அன்பின்றி வளர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு நாம விழா இருந்தது. ஜூன் 13, அந்தோனியார் திருநாள். அன்று அம்மா என்னைத் தலைக்குக் குளிக்க வைத்துக் கோவிலுக்கு அழைத்துச் செல்வார். எங்கள் சிற்றூரில் என்னோடு சேர்த்துப் பதினைந்து அந்தோணிகளாவது இருப்போம். கருப்பு அந்தோணி, கடைக்கார அந்தோணி, நெட்டை அந்தோணி என்று அடைமொழிகளே எங்களைப் பிரித்துக் காட்டின. கோவில் வளாகத்தில் அசனம் நடக்கும். ஊர் முழுவதும் பந்தியில் அமர்ந்து சோறும் குழம்பும் உண்ணும். ‘இது என் விழா’ என்று நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்திருப்பேன். பக்கத்து இலையிலும் ஓர் அந்தோணி அதே பெருமிதத்துடன் அமர்ந்திருப்பான். ஒருவனுடைய பெருமை மற்றவனுடையதைக் குறைக்கவில்லை.

அந்தக் காலமே மேலானது என்று புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பந்திகளிலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற கணக்குகள் இருந்ததை நான் அறிவேன். நாம விழாவில் ஒரு குறையும் உண்டு. அது புனிதருக்கு உரியது; அவர் நிழலில்தான் நான் நின்றேன். என் பேத்திக்கோ, அவளுக்கே அவளுக்கென்று ஒரு நாள் இருக்கிறது. அவளைப் போல் இன்னொருத்தி முன்னும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை என்பதைச் சொல்லும் நாள் அது. அந்த வகையில் பிறந்தநாள் ஒரு வளர்ச்சியே. ஆனால் அந்தோனியார் பந்தியில் எளிதாகக் கிடைத்த ஒன்றை, பக்கத்து இலையைப் பார்க்கும் கண்ணை, அது தானாகத் தந்துவிடுவதில்லை.

ஏரோதின் விருந்து

விவிலியத்தில் பிறந்தநாளைக் கொண்டாடியவர்கள் யார் என்று தேடிய மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன், இருவரைத்தான் கண்டார். ஒருவன் தொடக்கநூலில் வரும் பார்வோன். அன்று தன் அப்பத் தலைவனைக் கழுவேற்றினான். மற்றவன் ஏரோது. இருவருமே கொடியவர்கள் என்பதால் ஓரிகனுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டத்தின் மீதே நல்லெண்ணம் ஏற்படவில்லை. திருச்சபையின் பழைய மரபும் புனிதர்களைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே நினைவுகூர்கிறது. அதையே விண்ணகப் பிறப்பு நாள் என்று அழைக்கிறது.

ஏரோதின் விருந்தை மாற்கு விவரிக்கும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. அரச அவையினர், படைத் தலைவர்கள், கலிலேயாவின் முதன்மையானவர்கள் என்று அழைக்கப்பட்டவர் பட்டியலை அவர் முதலில் தருகிறார். ஒரு சிறுமி நடனமாடுகிறாள். அரசன் கேட்டதெல்லாம் தருவதாக வாக்களிக்கிறான். திருமுழுக்கு யோவானின் தலை கேட்கப்பட்டபோது அவன் வருந்தினான் என்பதையும் மாற்கு மறைக்கவில்லை. வருந்தியும் அவன் ஏன் மறுக்கவில்லை? ஆணையிட்டுவிட்டான், விருந்தினர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் கொல்லப்பட்டதற்குக் கொலைவெறி மட்டும் காரணமன்று. வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் காரணம்.

நான் ஏரோது அல்லன். ஆனால் படத்தில் யார் விழ வேண்டும் என்று நான் கவலைப்பட்டது யாருக்காக? அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காக. அவர்களில் பலர் அன்று எங்கள் வீட்டிற்கு வரவுமில்லை.

இன்னொரு கண்ணும் அங்கே விழித்திருந்தது. அது கணக்குக் கண். யார் என்ன பரிசு கொண்டு வந்தார், சென்ற மாதம் அவர் வீட்டு விழாவுக்கு நாம் என்ன கொடுத்தோம், ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ அதற்கு ஈடாகுமா என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் நாங்கள் அனைவரும் மனத்திற்குள் எழுதிக்கொண்டுதான் இருந்தோம். மொய் எழுதும் வழக்கத்தை நான் இகழவில்லை. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் ஆடி மாதத்து மொய் விருந்துகள் வட்டியில்லாக் கடனாகப் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. அது கடன் என்று எல்லாரும் அறிந்தே கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். அதில் பொய் இல்லை. கடனைக் கொடை என்று அழைக்கும்போதுதான் பொய் நுழைகிறது.

நாம் அன்று பாடிய வாழ்த்துப் பாட்டுக்கே இப்படியொரு வரலாறு உண்டு. அதன் மெட்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹில் சகோதரியர் இருவர் பள்ளிச் சிறார்களுக்குக் காலை வணக்கம் சொல்ல அமைத்தது; 1893இல் அச்சேறியது. வாழ்த்தாக மாறிய பின், அதைத் திரைப்படங்களில் பயன்படுத்துவோர் பல்லாண்டுகள் உரிமத் தொகை செலுத்த வேண்டியிருந்தது. அந்த உரிமைக் கோரிக்கை செல்லாது என்று 2015இல்தான் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஒரு குழந்தை பிறந்ததற்கான மகிழ்ச்சியின்மீதும் கணக்கு ஏறிவிடுகிறது!

விருந்தளிக்கும்போது திருப்பி அழைக்க வசதி உள்ளவர்களை அல்ல, அழைக்க இயலாதவர்களையே அழைக்கும்படி இயேசு கற்பித்ததை லூக்கா பதிவு செய்திருக்கிறார். அதை நான் நெடுநாள் ஓர் ஈகை அறிவுரை என்றே எண்ணியிருந்தேன். இப்போது அதை ஒரு சோதனை என்றும் கருதுகிறேன். திருப்பித் தர முடியாத ஒருவராவது பந்தியில் இல்லாவிட்டால், நாம் கொடுத்தது கொடையா கடனா என்று நமக்கே தெரியாது.

இல்லத்துக் குழந்தைகளின் பாட்டு

மறுநாள் காலையில் என் மனத்தை ஆற்றிக்கொள்ள எளிய வழி ஒன்று தோன்றியது. ‘அடுத்த ஆண்டு வீட்டில் எதுவும் வேண்டாம், அந்தப் பணத்தில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் ஒன்றுக்கு ஒருவேளை உணவளித்துவிடுவோம்’ என்றேன். இன்று பல குடும்பங்கள் இப்படிச் செய்கின்றன. அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. பசித்த வயிற்றுக்குப் போகும் சோறு, எக்காரணத்தால் வந்தாலும் சோறுதான்.

என் மனைவி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அங்க போய் நம்ம பிள்ளைக்கு அந்தப் பிள்ளைங்க வரிசையா நின்னு பாடணுமா?” என்று கேட்டாள்.

என்னால் விடை கூற இயலவில்லை. நான் அத்தகைய விழாக்களைப் பார்த்திருக்கிறேன். நல்லாடை அணிந்த ஒரு குழந்தை நடுவில் நிற்கும். அறுபது பிள்ளைகள் சுற்றி நின்று, தாம் அறியாத அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். மறுநாள் வேறொரு குழந்தை வரும், மீண்டும் பாடுவார்கள். பாடும் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு பிறந்தநாள் உண்டு. அதைக் கேட்டவர் எத்தனை பேர்? அங்கே நாம் சோற்றைக் கொடுத்துவிட்டு, பிறந்தநாளின் உட்பொருளான அந்தச் சான்றை அவர்களிடமிருந்தே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இல்லாதவர்களிடம் அதையும் வாங்குவது நியாயமா? உணவளிப்போம், பெயர் சொல்லாமல் அளிப்போம். பாட்டுப் பாட வேண்டுமானால், அந்த மாதத்தில் அங்கே யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டு நாம் பாடுவோம்.

ஒன்றின் மீது வைத்த அன்பு

இங்கே ஒருவர் நியாயமாகவே தடை எழுப்பலாம். “உலகிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கேக் வெட்ட என்னால் இயலுமா? என் குழந்தையை நான் கொண்டாடுவதும் குற்றமா?”

குற்றமன்று. எல்லாரையும் ஒரே அளவில் நேசிப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் எவருக்கும் இரவில் கண்விழித்து மருந்து கொடுத்திருக்க மாட்டார். அன்பு ஒரு பெயரிலும் ஒரு முகத்திலும்தான் தொடங்க முடியும். என் பேத்தியின் வலக்கன்னத்துக் குழியைக் கண்டு நான் மகிழ்வதுபோல் ஊரார் மகிழ வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது. ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் கண்டு நான் அவ்வாறு மகிழ்வதாகச் சொன்னால் அது நடிப்பு.

ஆனால் அந்த அன்பு எனக்குக் கற்றுத் தருவது என்ன? ஒரு குழந்தை எவ்வளவு பெறுமதியுள்ளது என்பதை நான் இவளிடம்தான் கற்றேன். எழுத்துக் கற்ற பின், கற்ற புத்தகத்தில் மட்டுமே வாசிப்பேன், மற்றப் புத்தகங்களில் அந்த எழுத்துகள் இல்லை என்பவனை நாம் என்ன சொல்வோம்? சமையலறை வாசலில் நின்ற சிறுமியையும் ஒருத்தி பத்து மாதம் சுமந்து, முகம் பார்த்து, பெயர் தேடி வைத்தாள். அந்த எழுத்து என் கண்முன் நின்றது; நான் வாசிக்கத் தவறினேன். எல்லாக் குழந்தைகளுக்கும் கேக் வெட்டும் கடமை எனக்கில்லை. என் வாசலில் நிற்கும் குழந்தையைத் தள்ளி நிற்கச் சொல்லாதிருக்கும் கடமை உண்டு.

திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு மூவருடைய மண்ணுலகப் பிறப்பைக் கொண்டாடுகிறது: டிசம்பர் 25இல் இயேசு, செப்டம்பர் 8இல் அன்னை மரியா, ஜூன் 24இல் திருமுழுக்கு யோவான். ஒருவனுடைய பிறந்தநாள் விருந்தில் உயிரிழந்தவரின் பிறந்தநாளையே திருச்சபை விழாவாக வைத்திருப்பது என்னைப் பலமுறை சிந்திக்கச் செய்திருக்கிறது. இந்த மூன்றில் தமிழர் நாம் பெருந்திரளாகக் கூடுவது அன்னையின் பிறந்தநாளுக்கு. ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8 வரை மக்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். காவியுடுத்து நடந்து வருவோரில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. அங்கே அழைப்பிதழ் இல்லை. எண்ணி வாங்கிய பரிசுப் பெட்டிகள் இல்லை. ஒரே ஒரு தாயின் பிறந்தநாள்தான். ஆயினும் கடலோர மணலில் உறங்குபவர்கள் எல்லாரும் அந்த வீட்டு விருந்தினர். ஒருவருக்கே உரிய விழா எல்லாருக்கும் இடம் தருவதாகவும் இருக்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஞாயிறு யாருக்கு?

இறுதியாக ஒன்று, இதுவே எனக்குக் கடினமானது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

ஓய்வுநாள் கட்டளை இணைச் சட்ட நூலில் இடம்பெறும்போது, ஓய்வு பெற வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. மகனும் மகளும் மட்டுமல்லர். பணியாளரும் பணிப்பெண்ணும், ஊரில் தங்கியுள்ள அந்நியரும், மாடும் கழுதையும்கூட அதில் உண்டு. வீட்டுத் தலைவர் ஓய்வதுபோலவே பணியாளரும் ஓய வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்துகிறது. நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள்தாமே என்பது அது காட்டும் காரணம். அவர்களுடைய சமயம் எது என்று அங்கே கேட்கப்படவில்லை. 1998 மே 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஞாயிற்றைப் பற்றி எழுதிய திருத்தூது மடலிலும், தனித்திருப்பவர்களை உணவுக்கு அழைப்பதும் நோயாளரைச் சந்திப்பதும் அந்நாளுக்குரிய செயல்கள் என்று குறிப்பிடுகிறார்.

நான் காலையில் திருப்பலி கண்டேன். ஞாயிறு கடமையை நிறைவேற்றிவிட்டதாக எண்ணினேன். அதே ஞாயிற்றை ஒரு தாயிடமிருந்தும் அவள் மகளிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டேன். கூடுதல் கூலி கொடுத்தோம் என்பது உண்மை. ஆனால் எங்களிடம் வர இயலாது என்று சொல்லும் வசதி அவருக்கு இருந்ததா? அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரே முழுநாள் அது.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வந்தபோது, நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னேன். அவருக்கு முதலில் நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதே விளங்கவில்லை. விளக்கிய பின், “அதுக்கென்ன ஐயா, சின்னப் பிள்ளைதானே, அவ நெனச்சுக்கூட இருக்க மாட்டா” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். கோபித்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும். தள்ளி நிற்கச் சொல்லப்படுவது அவர்களுக்கு ஒரு செய்தியாகவே இல்லை என்பது எனக்கு எந்தக் கண்டனத்தையும்விடக் கனமாக இருந்தது.

உங்களுக்குப் பிறந்தநாள் எப்போது என்று அவரைக் கேட்டேன். சிரித்தார். “ஆதார் அட்டையில ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு ஐயா. எங்க அம்மா, அடைமழைக் காலம்னு சொல்லும்” என்றார்.

நாங்கள் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எக்காரணம் கொண்டும் அவரை அழைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். விருந்து வைத்தால் பாத்திரம் துலக்குவதும் வீட்டாரின் பங்கு. எழுபதைக் கடந்த கைகளுக்கும் அந்த வேலை வருகிறது. பேத்தி சமையலறை நாட்காட்டியில் தன் தேதிக்கு மூன்று நாள் முன்னால் இன்னொரு வட்டம் போட்டு, அடுத்த ஆண்டு நாட்காட்டி வந்ததும் அதிலும் போட வேண்டும் என்று எனக்கு உத்தரவிட்டிருக்கிறாள். அந்தச் சிறுமியின் விழா எங்கே நடக்க வேண்டும், எங்களை அழைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவளும் அவள் தாயும் முடிவு செய்ய வேண்டியவை. அழைத்தால் போவோம்.

படங்களை மகன் சென்ற வாரம் அச்சிட்டுக் கொண்டுவந்தான். கேக் வெட்டும் படத்தின் இடது ஓரத்தில், கதவு நிலையைப் பிடித்த ஒரு சிறு கையும் பாவாடையின் விளிம்பும் விழுந்திருந்தன. நான் சொன்ன பிறகும் அவள் முழுவதும் மறைந்துவிடவில்லை. “ஓரத்தை வெட்டிட்டு வேற பிரதி போட்டுடலாம்ப்பா” என்றான். வேண்டாம் என்றேன். அந்தப் படம் அப்படியே கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் என் பேத்தியைப் பார்க்கிறார்கள். நான் அந்தக் கையைப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் படங்களின் ஓரங்களில் யார் இருக்கிறார்கள்?